அம்மா பெயரில் ஒரு கம்பியூட்டர்

கம்பியூட்டர் திருத்த வருகிறவர் முதலில் என்ன கேட்க வேண்டும்? என்ன கோளாறு என்று கேட்க வேண்டும். எத்தனை நாளாக என்று கேட்க வேண்டும். எங்கள் தோட்டப் பக்கம் வந்துகொண்டிருந்த இவர் அதெல்லாம் கேட்கமாட்டார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, "இந்த வீட்டுல கொழுந்துக்குப் போனது யாருங்க?" என்பார். அதற்குப் பதில் வரும்வரை பிளக்கைக்கூடச் சொருகமாட்டார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இப்போது வலப்பனைப் பக்கம் இருக்கிறார் என்று கேள்வி. அங்கேயும் அவரை நம்பி நாலு வீடு இருக்கும். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி எரிச்சல். அதற்காக ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது.

புதிதாக விண்டோஸ் போடும்போது, இந்தக் கம்பியூட்டரை யார் பாவிக்கப்போகிறார்கள் என்று ஓர் இடத்தில் பெயர் கேட்கும். மற்றவர்கள் அங்கே யூசர் என்றோ ஹோம் என்றோ ஆங்கிலத்தில் எதையாவது தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர் அந்த வீட்டிலிருந்து மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்ணின் பெயரைத் தமிழில் அடிப்பார். மகன் கொழும்பில் உழைத்து வாங்கிய கம்பியூட்டராக இருந்தாலும் சரி, மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருந்தாலும் சரி, பெயர் அவளுடையதுதான். டயகமவில் ஒரு மருமகன் தன் பெயரைத்தான் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். இவர் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்தக் கம்பியூட்டர் பாதி திறந்த நிலையில் ஒரு மாதம் கிடந்ததாகச் சொல்வார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "குடியிருக்கிற லயம் தோட்டத்துப் பேர்ல. குடிக்கிற பீலித் தண்ணி தோட்டத்துப் பேர்ல. கடுதாசி வந்தாக்கூட தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது. இது ஒண்ணாவது அவங்க பேர்ல இருக்கட்டுமே."

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் லயத்துக்கு அவர் முதல்முதலாக வந்தபோது நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் பெயர் எடுத்துக்கொண்டு வேலையை விட்டு நின்றபோது வந்த ஈ.பி.எஃப் சேமலாபக் காசில், நான் படிக்க ஆசைப்பட்டேன் என்று, ஹட்டனில் ஒரு பழைய கம்பியூட்டரை வாங்கிவைத்திருந்தாள். அதைத் துடைத்து, விண்டோஸ் போட்டு, 'பாக்கியம்' என்று அம்மாவின் பெயரை அடித்து, கடவுச்சொல்லாக, தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் அவளுக்கிருந்த நம்பரையே வைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

அதன் பிறகு தீபாவளி லீவுக்கு வந்து நான் பார்த்த காட்சி இது. அம்மா காலையில் சாமி கும்பிட்டு முடித்ததும் கம்பியூட்டருக்கு முன்னால் உட்காருவாள். ஒரு விரலால் மூன்று எண்களை அழுத்துவாள். திரையில் 'பாக்கியம்' என்று வரும். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தது அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அணைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். கரண்டுக்குக் கேடு என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. திரையில் எது வந்தாலும் முழுதாக வாசிக்காமல் எதையும் அழுத்தமாட்டார். அதுவும் சத்தமாக, ஆங்கிலத்தைத் தமிழாக்கி, வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி. "நெக்ஸ்ட்டு நெக்ஸ்ட்டுன்னு அமுக்கிப்புட்டு அப்புறம் என்னக் கூப்புடாதீங்க" என்பார். கோயில் கமிட்டிக்கு கம்பியூட்டரோடு ஒரு பிரிண்டரைப் பூட்டப்போய், அது திரையில் காட்டிய ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தலைவருக்கு விளக்கியிருக்கிறார். அன்றைக்கு அச்சடிக்க வேண்டிய திருவிழா நோட்டீசைக் கடைசியில் கையால் எழுதித்தான் ஒட்டினார்கள். தலைவர் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

எனக்கும் அப்படித் திரும்பிக்கொள்ள வசதி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவின் முழங்கால் மோசமாகி அவளால் படி இறங்க முடியாமல் போனது. நான் கடையில் ஒரு மாத லீவு சொல்லிவிட்டு வந்தேன். மாதம் முடிந்ததும் திரும்பிப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று முதலாளி நேராகவே சொல்லிவிட்டார். போனால் அம்மா தனியாக இருக்க வேண்டும். பீலிக்குப் போய் அவளே தண்ணீர் தூக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு கம்பனி, வீட்டிலிருந்தே காப்புறுதிப் படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலைக்கு என்னைத் தெரிவுசெய்தது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் அனுப்பும் மென்பொருளை வீட்டுக் கம்பியூட்டரில் நிறுவிக்கொண்டு, மூன்று கிழமை கழித்து வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பயிற்சியில் உட்கார வேண்டும். உட்காராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அம்மாவை அவர் அக்கா என்பார். அதனால் எனக்கு மாமா. மென்பொருளைத் திறப்பதற்கு முன் கம்பனி அனுப்பிய நிபந்தனைக் கடிதத்தைக் கேட்டார். பதினொரு பக்கம். நான் போனிலேயே கீழே தள்ளித் தள்ளி, கடைசியில் சம்மதம் என்று அழுத்தியிருந்தேன். அவர் பதினொரு பக்கத்தையும் வாசித்தார். ஒன்பதாம் பக்கம் வரைக்கும் சத்தமாக வந்தது. அதில் ஓர் இடத்தில் குரல் நின்றது. மிச்சத்தை மனதுக்குள்ளேயே வாசித்து முடித்துக்கொண்டார். எனக்கு நேரம் போகிறதே என்ற அவசரத்தில் அது பெரிதாகப் படவில்லை.

மென்பொருளைத் திறந்தால், இது உங்கள் கம்பியூட்டரில் ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. எங்களிடம் இருந்த விண்டோஸ் பழைய முப்பத்திரண்டு பிட். அதற்கு அறுபத்து நான்கு வேண்டுமாம். ஹட்டனிலிருந்து ஒரு ராம் மெமரித் துண்டு கொண்டுவந்து போட்டு, பழையதை அழித்து, புதிய விண்டோஸை ஏற்றினார். காலை பத்து மணிக்குத் தொடங்கியது பின்னேரம் ஐந்துக்கு முடிந்தது. நடுவில் பக்கத்து வீட்டுக் காம்பிராவில் யாரோ தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைப் போட, கரண்ட் தொய்ந்து கம்பியூட்டர் அணைந்தது. மறுபடி முதலிலிருந்து. நான் லயத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு வீடாக, இன்றைக்கு மட்டும் கேத்தலைத் தொடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். பெயர் கேட்கிற இடம் வந்தபோது அவர் மறுபடி 'பாக்கியம்' என்று அடித்ததைப் பார்த்தேன். வேலை செய்யப்போவது நான்தானே, என் பெயரைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று கரண்டுக்காகக் காத்திருந்தபோதுதான் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னார். ஆசிரியர் கலாசாலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி இளவயதில் அவருக்கு ஒரு கடிதம் வந்ததாம். தோட்டத்தின் மேல் டிவிசனில் அதே பெயரில் இன்னொருவர் இருந்திருக்கிறார். தோட்டத்து ஆபீசில் கடிதத்தை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியாது, பத்திரமாகக் கூரையில் சொருகி வைத்துவிட்டார். இவர் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாளாகிவிட்டது. கோபமில்லாமல்தான் சொன்னார். கரண்ட் வந்தவுடன் பேச்சை விட்டுவிட்டார்.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். மென்பொருள் இப்போது திறந்தது. பச்சைக் கோடு நகர்ந்தது. எழுபத்திரண்டு வீதம் வரைக்கும் வந்து, அப்படியே பின்னோக்கிப் போய், ஒரு பிழை ஏற்பட்டது என்று சொல்லி மூடிக்கொண்டது. என்ன பிழை? சொல்லாது. மறுபடி போட்டோம். எழுபத்திரண்டு. மறுபடி. எழுபத்திரண்டு. அதற்குத் துணையாக வேறொரு புரோகிராம் இருக்கவேண்டும் என்று அதைத் தேடி இறக்கினார். எங்கள் வீட்டில் சிக்னல் என்றால் போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதையும் காற்று அசைத்தால் போய்விடும். வைரஸ் தடுப்பை எடுத்தார். திரைக்கான டிரைவரை மாற்றினார். எழுத்துகளெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்தன. அதைப் பழையபடி ஆக்கவே ஒரு மணி நேரம். எழுபத்திரண்டு மட்டும் அசையவேயில்லை.

எனக்கு அழுகை வந்தது. மென்பொருளைச் செய்தவன், கம்பனிக்காரன், தோட்டத்துக் கரண்ட், மாமா, எல்லார்மேலும் ஆத்திரம். அம்மா மட்டும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பின்னேரம் அவர் ஒரு கோப்பைத் திறந்தார். மென்பொருள் தான் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிற கோப்பு அது. வரிவரியாக நூற்றுக்கணக்கில் ஓடியது. விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று மூடினார். அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லி, ஊற்றிவைத்த தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குக் கோல் எடுத்தேன். பதிலில்லை. ஹட்டனில் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றேன். அவர் வீட்டு மனுசன் மாதிரி, அவரை விட்டுட்டு வேற ஆளா என்று அம்மா தடுத்தாள். எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு கிடந்தேன். கடை முதலாளியிடமிருந்தும் எப்போது வருகிறாய் என்று கேட்டுச் செய்தி வந்தது.

மூன்றாவது ஞாயிறு. மறுநாள் எட்டு மணிக்குப் பயிற்சி. காலை ஏழரைக்கே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கொப்பியில் எதையெதையோ எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். மென்பொருளை வேறு இடத்தில் நிறுவச் சொன்னார். அது தற்காலிகமாகக் கோப்புகளைப் போட்டுக்கொள்கிற இடத்தையும் மாற்றினார். பச்சைக் கோடு எழுபத்திரண்டைத் தாண்டியபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்று நான்கில் நின்றது. பிறகு பின்னோக்கி வந்தது.

இரண்டு மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. கம்பனியின் உதவி நம்பருக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பெண் எடுத்தாள். சிங்களத்தில்தான் பேசினாள். மென்பொருள் எழுதிவைக்கிற அந்தக் கோப்பைத் திறந்து, யூசர்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். பார்த்தேன். வெறும் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. சொன்னேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. விண்டோஸ் கணக்கின் பெயர் ஆங்கிலத்தில் இல்லையா, எங்கள் மென்பொருளுக்கு மற்ற எழுத்து விளங்காது. ஆங்கிலத்தில் உங்கள் பெயரில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து பழையதை அழித்துவிடுங்கள் என்றாள். பழையது ஒரு பக்கம் இருக்கட்டுமே என்றேன். இருக்கக்கூடாது, பாதுகாப்புக்காக ஒரு கம்பியூட்டரில் ஒரே கணக்குத்தான், கடிதத்தில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு இது தெரியும்தானே மாமா?"

"ஒரே கணக்குன்னு மொத நாளே தெரியும். பேர்தான் தடையின்னு போன கெழம தெரிஞ்சிச்சி."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் எழுத முடியாது. என் வேலை போகப்போகிறது, நீங்கள் பெயர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். அம்மாவுக்கு வாசிக்கவே தெரியாத கம்பியூட்டரில் அவள் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றும் கேட்டேன். அதே பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினால் போதாதா என்றேன். அவர் நிதானமாக விளக்கினார். மாற்றினால் மேலே தெரிகிற பெயர்தான் மாறும், உள்ளே இருக்கிற இடத்தின் பெயர் அப்படியேதான் இருக்கும். அதையும் செய்து பார்த்துவிட்டாராம். அந்தக் கொப்பியில் இருந்ததெல்லாம் பெயரை எடுக்காமல் தப்பிக்கிற வழிகள்தான். பதினேழு வழி எழுதியிருந்தார். பதினேழிலும் கோடு போட்டிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எம் பேர எடுத்தா புள்ளைக்கு வேல கெடைக்குமா தம்பி?"

"கெடைக்கும் அக்கா."

"அப்ப வெட்டுங்க. கொழுந்து நிறுவ கொறஞ்சா கண்டாக்கு ஐயா எத்தன தரம் செக்ரோல்ல எம் பேர வெட்டியிருக்காரு. மறுநாளு காலையில வேலைக்குப் பெரட்டுல போயி நின்னேன்தானே. ஒண்ணும் செத்துப்போகல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஆங்கிலத்தில் 'சுகந்தி' என்று என் பெயரில் புதிய கணக்கொன்றைத் திறந்தார். அதற்குள் போனார். கணக்குகளின் பட்டியலைக் கொண்டுவந்தார். என் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயர் தமிழில் இருந்தது. அதன்மேல் அழுத்தினார். இந்தக் கணக்கையும் இதிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. வழக்கம்போல அதைத் தமிழில் வாசித்தார். குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மவுசை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"கண்டாக்கு வெட்டுனாரு அக்கா. நான் வெட்டமாட்டேன். புள்ள செய்யட்டும்."

எனக்கு அப்போதும் எரிச்சல்தான். மூன்று கிழமை இழுத்தடித்துவிட்டு, கடைசியில் இந்தச் சின்ன அழுத்தலை என் தலையில் கட்டுகிறாரே என்று. அழுத்துவதற்குக் கையை வைத்தேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் தலையில் பட்டது. திரையில் அவளுக்கு வாசிக்கத் தெரிந்த அந்த ஒரே சொல் இருந்தது. என் விரல் நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. "அமுக்கு சுகந்தி" என்றாள் அம்மா. அழுத்தினேன்.

ஏழு நிமிடத்தில் மென்பொருள் நிறுவி முடிந்தது. எழுபத்திரண்டில் நிற்கவில்லை, தொண்ணூற்று நான்கிலும் நிற்கவில்லை. சந்தோசம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் அதற்குள் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். சரி என்று இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்த வேலையில் இது எனக்கு ஐந்தாவது வருடம். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவரை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் முதலில் வருகிறது. தெரிந்த அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு கிழமை என்னை அப்படி வேகவைத்திருக்கத் தேவையில்லை. அன்றே சொல்லியிருந்தால் நான் நெக்ஸ்ட் அழுத்துகிற மாதிரி அதையும் அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். என்ன அழிந்தது என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டேன்.

அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.